ஓலைத்தொடுவாய் றோட்டில் அறுபது அடி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிட்டார்கள். முப்பத்துநாலு வருடம் மோட்டார் வாகனப் பரிசோதகராக இருந்தவனிடம் இப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும்? பிறேக்கை எப்படிச் சோதிப்பது, ரயர் தேய்ந்ததை எப்படிப் பார்ப்பது என்று நாற்பது பக்கம் வரும். அதெல்லாம் உங்கள் கைநூலிலேயே இருக்கிறது. நான் எழுதினால் உங்களுக்கும் நித்திரை வரும், எனக்கும் வரும். ஆகவே ஒரேயொரு வழக்கை மட்டும் சொல்லப் போகிறேன். அதில் முட்டாள் நான்தான் என்பதால் யாருடைய மனமும் நோகாது.

முதலில் கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரு வரிதான். ஓடுகிற வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் அடித்த பிறகு அது நிற்கும் தூரம் இரண்டு மடங்காவதில்லை, நாலு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் தூரம் ஒன்பது மடங்கு. இதைத் திருப்பியும் போடலாம். ஒரு விபத்தில் ரயர் இழுபட்ட தடத்தின் நீளம் தெரிந்தால் போதும். அதே வண்டியை அதே றோட்டில் தெரிந்த வேகத்தில் ஓட்டி, பிறேக் அடித்து, அது எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்தால், விபத்து நடந்த நேரத்து வேகம் கையில் வந்துவிடும்.

“அதே றோட்டில்” என்று எவ்வளவு இலேசாக எழுதிவிட்டேன் பாருங்கள். அன்றைக்கும் இப்படித்தான் எழுதினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மைலும் அடியும் புழங்கிய காலம். நான் வெள்ளாங்குளத்து வயல்காரனின் மகன். கணிதத்தில் கெட்டிக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி என் தலையைக் கெடுத்து வைத்திருந்தார்கள். மன்னார்க் கந்தோரில் என் மேசைக்கு மேலே, வேகத்துக்கும் நிற்கும் தூரத்துக்கும் உள்ள தொடர்பை வரைகோட்டுத் தாளில் சிவப்பு மையால் வரைந்து தொங்கவிட்டிருந்தேன். லைசென்ஸ் எடுக்க வந்த ஒருவரையும் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்தாமல் விட்டதில்லை. “இதென்ன ஐயா, தூண்டில் மாதிரி வளைஞ்சு போகுது?” என்று பேசாலைக்காரர் ஒருவர் கேட்டார். அவருக்கு அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன். பாவம் மனுசன், லைசென்ஸ் வேண்டாம் என்று போய்விடுவாரோ என்றுகூட எனக்கு யோசனை வந்தது.

இனி விபத்து.

ஒரு காலை தலைமன்னாரிலிருந்து மன்னாருக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸை ஓட்டியவர் எருக்கலம்பிட்டி ஹனிபா. எல்லாருக்கும் அவர் ஹனிபா நானா; முஸ்லிம்களிடம் நானா என்றால் அண்ணன். பதினெட்டு வருடம் அந்த றோட்டிலேயே பஸ் ஓட்டியவர். மீன்பெட்டியோடு கை காட்டும் பெண்களுக்காகப் பஸ்ஸை நிறுத்துவார், பெட்டியைத் தானே இறங்கித் தூக்கியும் வைப்பார். ஓலைத்தொடுவாய்க்குக் கிட்ட வரும்போது றோட்டின் நடுவில் ஒரு கழுதை நின்றது. மன்னார்க் கழுதைகளை உங்களுக்குத் தெரியும்தானே, ஹோர்ன் அடித்தால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கமாகச் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு வந்த சூசைப்பிள்ளை, கழுதையை விலத்த ஹாண்டிலை ஒடித்தார். ஒடித்த ஒடிப்பில் நேரே பஸ்ஸின் பாதைக்குள் வந்துவிட்டார். நானா பிறேக்கை மிதித்தார். பஸ் இழுபட்டு இழுபட்டுக் கடைசி இரண்டு அடியில் சைக்கிளை மோதியது. சூசைப்பிள்ளையின் கால் சைக்கிளுக்குக் கீழே அகப்பட்டு முறிந்தது. கழுதைக்கு ஒரு கீறலும் இல்லை.

பொலிஸ் தடத்தை அளந்து எழுதியது: “ரயர் இழுபட்ட தடம், அறுபது அடி. தார் றோட்டு, ஈரமில்லை.” அந்த இடத்தில் மணிக்கு முப்பது மைலுக்கு மேலே போகக் கூடாது என்று பலகை இருந்தது. நானா அதற்குள்தான் வந்தாரா என்பதே வழக்கு. கூடுதலாக வந்தார் என்று தீர்ப்பானால் லைசென்ஸ் போய்விடும், வேலை போய்விடும், ஆளை மறியலில் அடைக்கவும் கூடும். வழக்கு முடியும்வரை அவரைப் பஸ்ஸில் ஏற விடவில்லை. டிப்போவில் பழைய ரயர்களை உருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

வேகத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒரு மனிதனின் சோற்றில் கை வைக்கும் கணக்கு என்று அப்போது தோன்றவேயில்லை. சிவப்புக் கோட்டுக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

விபத்து நடந்து ஆறாம் நாள் பின்னேரம் அதே பஸ்ஸையும் வேறொரு சாரதியையும் கூட்டிக்கொண்டு போனேன். மறுநாள் ஊர் மாதா கோயில் திருநாள். றோட்டோரம் முழுக்கக் கொடி கட்டியிருந்தார்கள். றோட்டு கழுவிவிட்ட பீங்கான்போலச் சுத்தமாகக் கிடந்தது. நல்லதாகப் போயிற்று, அளக்க வசதி என்று மனதுக்குள் நினைத்ததுகூட நினைவிருக்கிறது. இருபது மைல் வேகத்தில் மூன்று தரம் ஓட்டி மூன்று தரம் பிறேக் அடிக்க வைத்தேன். மூன்று தரமும் பத்தொன்பது அடியில் பஸ் நின்றது. அறுபது அடி அதைப்போல மூன்று மடங்குக்கும் சற்றுக் கூட. அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் ஒன்றே முக்காலுக்குக் கிட்ட வரும். இருபதை அதால் பெருக்கினால் முப்பத்தைந்து மைல்.

அறிக்கையை அழகாக எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். டிப்போப் பக்கம் போனபோது நானாவைக் கண்டேன். கை முழுக்க ரயர்க் கறுப்பு.

“ஐயா, மீற்றர் முள்ளு முப்பதைத் தாண்டேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் வந்தனான்” என்றார்.

“கணக்குப் பொய் சொல்லாது நானா.”

அவர் கோபப்படவில்லை. “கணக்குப் பொய் சொல்லாதெண்டு எனக்கும் தெரியும் ஐயா. நானும் சொல்லேல்லை” என்றுவிட்டு அடுத்த ரயரை உருட்டப் போய்விட்டார்.

பிறகு கேள்விப்பட்டேன், அவர் தினமும் பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சூசைப்பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவாராம். வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுபோவாராம். சூசைப்பிள்ளை அதைச் சாப்பிட்டுக்கொண்டே, “நீயும் கழுதையும் சேந்துதான் என்னை விழுத்தினீங்கள்” என்று ஏசுவாராம்.

வழக்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது சூசைப்பிள்ளையின் மனைவி திரேசம்மா எங்கள் கந்தோருக்கு வந்தார். வாசலிலிருந்தே சத்தம்.

“ஐயா, எங்கடை சைக்கிளைத் தாங்கோ!”

“எந்தச் சைக்கிள் அம்மா?”

“இவரின்ரை சைக்கிள்தான். பொலிஸிலை கேட்டா கோட்டிலை கேக்கட்டாம். கோட்டிலை கேட்டா வழக்கு முடியட்டுமாம். பஸ்ஸைச் சோதிச்ச ஐயா இஞ்சை இருக்கிறார் எண்டு சொன்னாங்கள். பஸ்ஸைச் சோதிச்சவருக்கு ஒரு சைக்கிளை எடுத்துத் தாறது பெரிய வேலையோ?”

அது என் வேலையே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துக்கொண்டே நிமிர்ந்து என் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்குமா? பத்தொன்பது அடி, அறுபது அடி, முப்பத்தைந்து மைல் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“அப்ப நானா வேகமாத்தான் வந்தவர் எண்டுறியளோ?”

“ஓம் அம்மா. அந்த இடத்திலையே ஓட்டி அளந்தனான்.”

“எப்ப அளந்தனீங்கள்?”

“உங்கடை திருநாளுக்கு முதல் நாள். பின்னேரம்.”

திரேசம்மா கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். “ஐயோ ஐயா! அண்டைக்குக் காலமைதானே நாங்கள் றோட்டுக் கூட்டினது!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் விளக்கினார். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கரையிலிருந்து வரும் மணல் அந்த றோட்டில் படிந்துகொண்டே இருக்கும். ஒருவரும் அதைத் தொடுவதில்லை. திருநாளுக்கு முதல் நாள் காலையில் மட்டும் ஊர்ப் பெண்கள் எல்லாரும் விளக்குமாறோடு இறங்கி, மாதா சிலை, அதாவது சுருவம், சுற்றி வரும் பாதையைக் கூட்டுவார்கள். அந்த வருடம் பதினெட்டு ஓலைக் கடகம் நிறைய மணல் அள்ளிக் கொட்டினார்களாம். வயல்காரன் மகனான எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

“அதென்ன, வடிவுக்கோ கூட்டுறனீங்கள்?” என்று கேட்டேன். வாதத்தில் தோற்கிறவன் கேட்கிற கேள்வி அது.

“வடிவுக்கோ! மாதாவின்ரை சுருவம் எவ்வளவு பாரம் தெரியுமோ? தூக்கிறவை வெறுங்காலோடை வருவினம். தார் றோட்டிலை மணல் கிடந்தால் கால் சறுக்கும். மாதாவெல்லே விழுந்திடுவா!” என்றவர், ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மாதா சறுக்கக் கூடாதெண்டு கூட்டின றோட்டிலை, பஸ் எப்பிடி ஐயா சறுக்கும்?”

பிள்ளைகளே, நான் படித்த எல்லாக் கணிதமும் அந்தக் கதிரையில் இருந்த மனுசியின் ஒரு கேள்வியில் அடங்கிப்போயிற்று. அறுபது அடித் தடம் விழுந்தது மணல் படிந்த றோட்டில். நான் அளந்தது அவர்கள் கூட்டிய றோட்டில். நேரே பொலிஸுக்குப் போய், தடத்தை அளந்த கான்ஸ்டபிளைப் பிடித்தேன். தடம் கறுப்பாக இருந்ததா என்று கேட்டேன். “கறுப்போ? இல்லை ஐயா. மணல் ரெண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவிலை தார் தெரிஞ்சுது” என்றார். அதை எழுதவில்லையே என்று கேட்டேன். “நீளம்தானே ஐயா கேட்டவை” என்றார். அவரில் என்ன பிழை? நிறத்தை நானும்தான் கேட்கவில்லை.

மறுநாளே பஸ்ஸைத் திரும்பக் கொண்டுபோனேன். திருநாள் முடிந்து நாட்கள் ஓடியிருந்தன. காற்று தன் வேலையைச் செய்து முடித்திருந்தது, றோட்டில் மணல் பழையபடி படிந்திருந்தது. திரேசம்மாவும் முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்க்க வந்துவிட்டார். அதே இருபது மைல், அதே பிறேக். இந்தத் தரம் பஸ் முப்பது அடி போய்த்தான் நின்றது. வாய்க்குள் போன மணலைத் துப்பிக்கொண்டே கணக்குப் போட்டேன். அறுபது அடி முப்பதின் இரண்டு மடங்கு. இரண்டின் வர்க்கமூலம் ஒன்று தசம் நாலு. இருபதை அதால் பெருக்கினால் இருபத்தெட்டு மைல். நானா சொன்னது சரி.

சந்தோசத்தில் துள்ளினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். “இருபத்தெட்டு அம்மா, இருபத்தெட்டு!” என்று கத்தினேன்.

அவருக்கும் சந்தோசம். “பாத்தியளோ! நானா அப்பிடி ஓடுற ஆள் இல்லை” என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். “அப்ப ஐயா, அதே இருபத்தெட்டிலை அவர் கூட்டின றோட்டிலை வந்திருந்தால்?”

கேள்வி வந்தால் கணக்குப் போடுவதுதானே என் நோய். யோசிக்காமல் போட்டேன். “முப்பத்தேழு அடியிலை நிண்டிருக்கும்.”

“சைக்கிளுக்கு எவ்வளவு தூரம் முன்னாலை?”

“இருபது அடிக்கும் மேலை மிச்சம் இருந்திருக்கும்” என்று சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

“அப்ப நாங்கள் ஒரு கிழமை முந்திக் கூட்டியிருந்தால் இந்த மனுசன்ரை கால் முறிஞ்சிருக்காது.”

இல்லை அம்மா என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. அவர் திரும்பி, காற்றுக்கு எதிரே முகத்தை மூடிக்கொண்டு நடந்து போனார்.

அடுத்த தொல்லை கந்தோரில் காத்திருந்தது. எனக்கு மேலே இருந்த அதிகாரி நல்ல மனிதர், எனக்குப் பல தரம் கை கொடுத்தவர். அவரிடம் போய், முதல் அறிக்கை பிழை, திருத்தப் போகிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

“தம்பி, சும்மா இரும். ஹனிபாவின்ரை சட்டத்தரணி மணலைப் பற்றிக் கேட்டால் அப்ப சொல்லும். நீராப் போய்ப் பிழை எண்டு சொன்னால், நீர் இதுவரை எழுதின அறிக்கை எல்லாத்தையும் கிளறுவாங்கள். உம்மடை பேர் போயிடும்.”

“கேக்காட்டி?”

அவர் வேறொரு பைலை எடுத்துப் புரட்டினார். பயம் எனக்கும் இருந்தது. முன்னைய அறிக்கைகளில் எத்தனை றோட்டை எந்தக் கோலத்தில் அளந்தேனோ என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆனால் ரயர்க் கறுப்புப் பிடித்த அந்தக் கைகளும் கூடவே வந்துகொண்டிருந்தன. பதினெட்டு வருடம் மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கி வைத்த மனிதர், நான் குறைத்து அளந்த பதினொரு அடிக்காக மறியலுக்குப் போவதா? இரண்டாவது அறிக்கையை எழுதி, முதலாவது ஏன் பிழை என்பதையும் எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பினேன். உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: இப்படியான கையெழுத்தை வைக்க முதல் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். திரும்பி வரும்போது தைரியம் போய்விடும்.

வழக்கு நாளில் நீதவான் இரண்டு அறிக்கையையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஒன்றில் முப்பத்தைந்து. மற்றதில் இருபத்தெட்டு. இரண்டிலும் உமது கையெழுத்து. எந்தக் கணக்குப் பிழை?”

“ரெண்டு கணக்கும் சரி ஐயா. முதலிலை நான் எடுத்த றோட்டுத்தான் பிழை. விபத்து நடந்த பிறகு அதை ஆக்கள் கூட்டினவை. அது எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை.”

“யார் கூட்டியது?”

பின்வரிசை வாங்கிலிலிருந்து திரேசம்மா எழும்பினார். “நாங்கள்தான் ஐயா. மாதா வாற பாதையெண்டு.” பக்கத்தில் ஊன்றுகோலோடு இருந்த சூசைப்பிள்ளை, “அந்தக் கழுதையைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை!” என்றார். நீதிமன்றமே சிரித்தது. நீதவானும் தலையைக் குனிந்துகொண்டார். கான்ஸ்டபிளும் மணல் ஒதுங்கிய தடத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். மத்தியானத்துக்கு முன் ஹனிபா நானா விடுதலை.

வெளியே வந்ததும் அவரிடம் போனேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா என்றேன். என் தோளில் கை போட்டார்.

“கணக்குப் பொய் சொல்லேல்லைத்தானே ஐயா” என்று கேலி பண்ணினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “ஆனா ஒண்டு. முப்பது எண்டு பலகை எழுதினவருக்கு மணலைத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் இருபத்தெட்டிலை வந்தனான். கோட்டு என்னை விட்டிட்டுது, என்ரை மனசு விடேல்லை.”

அன்று பின்னேரம் கந்தோருக்குப் போய்ச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே “எந்த றோட்டில்?” என்று எழுதினேன். என் அறிக்கைகளை ஒருவரும் கிளறவில்லை. நானாகத்தான் கிளறினேன். அதைச் செய்து முடிக்கட்டும் என்று அதிகாரி ஒரு மாதம் எனக்கு வேறு வேலை தராமல் விட்டார். அந்த மனிதரை அதனால்தான் இன்றும் வாழ்த்துகிறேன். தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு, எருக்கலம்பிட்டிச் சனமும் ஊரைவிட்டுப் போக நேர்ந்தபோது நானாவின் குடும்பமும் புத்தளம் பக்கம் போனது. அதற்குப் பிறகும் என் வீட்டு விசேசம் ஒன்றுக்கும் அவர் வராமல் விட்டதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது, வழக்குக்கு அடுத்த வருடத்துச் சோளகத்தில் நடந்தது. ஒரு வேலையாகத் தலைமன்னாருக்குப் போகப் பஸ் ஏறினேன். ஓட்டியது ஹனிபா நானா. ஓலைத்தொடுவாய் நெருங்கியதும் பஸ் நடைவேகத்துக்குத் தணிந்து, பிறகு நின்றேவிட்டது. எட்டிப் பார்த்தேன். கழுதை நின்ற அதே இடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் விளக்குமாறும் கடகமுமாக மணலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். சூசைப்பிள்ளை மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தபடி பழைய ஊன்றுகோலால் அங்கே இங்கே என்று காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மரத்தில் சாத்தியபடி அந்தச் சைக்கிள், புதுச் சில்லோடு. அவர்கள் முடிக்கும்வரை நானா ஹோர்னும் அடிக்காமல் காத்திருந்தார்.

கோயில் பக்கம் பார்த்தேன். கொடி ஏறவில்லை. றோட்டோரத்தில் சோடனையும் இல்லை. யன்னலால் தலையை நீட்டி, “என்ன அம்மா, இண்டைக்கு என்ன திருநாள்?” என்று கேட்டேன்.

திரேசம்மா நிமிர்ந்து, நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தார்.

“ஒரு திருநாளும் இல்லை ஐயா, செவ்வாய்க்கிழமை. மாதா வருசத்திலை ஒருக்காத்தான் இதாலை வாறா. இந்த மனுசன் சைக்கிளிலை ஒவ்வொரு நாளும் போறார்.”